ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, உடம்பில் வலி இருக்கிறது: உடன் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எட்டு ஆண்டுகளாக உச்சந்தலை எரிந்துகொண்டிருந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து அவரை ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் மாறி மாறி அழைத்துச் சென்றோம். ஒரு மஞ்சப்பை நிறையப் படங்களும் சீட்டுகளும் சேர்ந்தன. ஒரு மருத்துவமனையில், பேரன் வயதுடைய மருத்துவர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார். "ஒன்னுமில்லாமயாங்க சாமி எட்டு வருசமா எரியுது?" என்று அமுச்சி கேட்டார். அதற்கு அங்கே விடை இல்லை. அப்படி ஒரு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு உடன் நிற்கும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உடன் நடந்தவன், பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தவன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பரிசோதனையில் காரணம் புலப்படாத உடல் அறிகுறி என்றால், அது நடிப்பு என்றோ கற்பனை என்றோ பொருள் அல்ல. வலியை உணரும் நரம்பு மண்டலத்தின் கூர்மை கூடிப்போகலாம், தூக்கம் கெட்டுத் தசைகள் இறுகிக் கிடக்கலாம், பதற்றத்தில் மூச்சு வேகமாக ஓடலாம். இவை எதுவும் ஸ்கேன் படத்தில் தெரிவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய் வகைப்பாட்டில், "மருத்துவக் காரணம் தெரியவில்லை" என்பதை இத்தகைய நோய்க்கு இலக்கணமாக வைக்கும் வழக்கத்தையே கைவிட்டது. அறிகுறி ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது, அதைப் பற்றிய கவலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பவையே இப்போது பார்க்கப்படுகின்றன. ஆகவே "உடம்பா, மனசா" என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தி யாரும் வெல்லப் போவதில்லை; இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிப்பதே செய்யத் தக்கது.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

மனக்காரணத்தைத் தேடுவதற்கு முன்னால், விட்டுவிடக் கூடாத அறிகுறிகள் உள்ளனவா என்று பாருங்கள். முயற்சி செய்யாமலே எடை குறைவது, மலத்திலோ சளியிலோ சிறுநீரிலோ இரத்தம் வருவது, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது காய்ச்சல், விழுங்கச் சிரமம், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி ஆகியவை இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நம் பக்கத்தில் எல்லா நெஞ்சு வலிக்கும் "வாய்வு" என்று பெயர் வைத்துவிடும் பழக்கம் உண்டு. பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, பெருங்காயத்தை மோரில் கலந்து குடித்துவிட்டு, விடியும்வரை காத்திருப்பார்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ மூச்சு வாங்குவதோ இருந்தால், வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவினால், உடனே 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு கைவைத்தியம் இல்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் வரக்கூடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

செய்யும் தொழிலையும் குடிக்கும் தண்ணீரையும் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். நூற்பாலையில் வேலை செய்பவருக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகி, வாரம் போகப் போகக் குறைந்தால், அது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம். தர்மபுரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்தவரின் மூட்டு வலிக்கும் முதுகு விறைப்புக்கும் ஃபுளோரைடு காரணமாகலாம். தறிக்குடோனின் இரைச்சலில் இருபது ஆண்டுகள் நின்றவருக்குக் காதில் ஓயாத ரீங்காரம் கேட்பதில் வியப்பில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. "அசதி, கிறுகிறுப்பு" என்று சொல்லும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்காமல் மனசுதான் காரணம் என்று சொல்வது அநியாயம்.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் "ஹிஸ்டீரியா", அதாவது மனத்தால் வந்த உடல் நோய், என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த எலியட் ஸ்லேட்டர் என்ற மனநல மருத்துவர், அவர்களில் பலருக்குப் பின்னாளில் உண்மையான நரம்பு நோய் வெளிப்பட்டதை 1965-இல் எழுதினார். பரிசோதனை முறைகள் வளர்ந்த பிறகு நிலைமை மாறியது. அத்தகைய நோயாளிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, 1970-களுக்குப் பிறகு தவறான கணிப்பு சுமார் 4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று துடிக்கும் குடும்பத்தாருக்கு இந்த எண் ஆறுதல் தரும். ஆனால் அது பூஜ்யமும் அல்ல.

சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நோயுற்றவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "கால் ஒளையுது" என்றால் "கால் வலி" என்று திருத்தாதீர்கள். "நெஞ்சு படபடங்குது" என்பதை "ஹார்ட் பிராப்ளம்" ஆக்காதீர்கள். தமிழில் உளைச்சல் என்பது நடந்து களைத்த காலுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. வயிற்றெரிச்சல் இரைப்பையிலும் வரும், பங்காளி வீட்டிலிருந்தும் வரும். இந்தச் சொற்களை ஆக்கிய நம் முன்னோர் உடம்புக்கும் மனத்துக்கும் நடுவில் கல் நட்டு எல்லை பிரிக்கவில்லை. மருத்துவரின் சீட்டில் ஆங்கிலத்தில் மாறி விழும்போது அந்த இரட்டைப் பொருளில் ஒரு பாதி உதிர்ந்துவிடுகிறது. நோட்டில் மட்டும்தான் அது முழுதாக இருக்கும்.

இப்படி உடம்பின் வழியாகப் பேசுவது படிக்காதவர்களின் வழக்கம் என்றும், கீழைநாட்டுப் பழக்கம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உள்பட 14 நாடுகளின் 15 மையங்களில் நடத்திய ஆய்வின் தரவுகள் 1999-இல் வெளியாயின. மனச்சோர்வு நோய் உறுதியான 1,146 பேரில் 69 விழுக்காட்டினர், மருத்துவரிடம் வந்ததற்கு உடல் அறிகுறிகளை மட்டுமே காரணமாகச் சொன்னார்கள். மையத்துக்கு மையம் அந்த அளவு 45-இலிருந்து 95 விழுக்காடு வரை மாறியது; ஆனால் அந்த மாற்றம் பணக்கார நாடு, ஏழை நாடு என்ற கோட்டின்படி அமையவில்லை. நேரடியாகக் கேட்டபோதும் மனத்துயரே இல்லை என்று மறுத்தவர்கள் 11 விழுக்காடுதான். அதாவது, கேட்டால் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆகவே எப்படிக் கேட்பது என்பதுதான் நாம் கற்க வேண்டிய கலை.

ஆர்தர் க்ளெய்ன்மேன் என்ற மனநல மருத்துவரும் மானிடவியலாளருமானவர் தம் சகாக்களோடு 1978-இல் முன்வைத்த கேள்விகள் இதற்கு இன்றும் உதவுகின்றன. அவற்றை நம் வீட்டுத் திண்ணைக்கு ஏற்றபடி இப்படிக் கேட்கலாம்: இதுக்கு நீங்க என்ன பேரு வெப்பீங்க? எதனால வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? ஏன் அப்பப் பாத்து ஆரம்பிச்சுது? இது உங்கள என்ன பண்ணுது? இதுல எதுக்குப் பயப்படறீங்க? மருந்துல என்ன சரியாகணும்னு எதிர்பாக்கறீங்க? ஒரே மூச்சில் விசாரணை போலக் கேட்க வேண்டாம். அவரைக்காய் ஆயும்போதோ, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போடும்போதோ ஒன்றொன்றாகக் கேட்டால் போதும். முகத்தைப் பார்த்து உட்கார்ந்து கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"ஏன் அப்போது?" என்ற கேள்விதான் எங்கள் வீட்டில் கதவைத் திறந்தது, அதுவும் நாங்கள் கேட்டு அல்ல. ஒரு முறை அமுச்சி பிடிவாதமாக ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். அநீதி இழைக்கப்பட்டவர்கள் அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுவது வழக்கம். அமுச்சி மிளகாய் அரைத்துக்கொண்டே தம்பியின் பெயரைச் சொன்னார். பாகப் பிரிவினையில் கிணற்றோடு கூடிய பூமி தம்பிக்குப் போனதும், வாசித்துக் காட்டாத பத்திரத்தில் தாம் கைநாட்டு வைத்ததும், அந்த ஆண்டுதான் தலை எரிய ஆரம்பித்ததும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தன. கோயிலுக்குப் போனதால் எரிச்சல் நிற்கவில்லை. ஆனால் எந்த மருத்துவரும் கேட்காத வரலாறு அங்கே கிடைத்தது. கயிறு கட்டுவதையும் வேப்பிலை அடிப்பதையும் கேலி செய்து தடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்தை நிறுத்தச் சொல்லாத, உடம்பைத் துன்புறுத்தாத, பணத்தைப் பிடுங்காத எந்த நேர்த்திக்கும் உடன் சென்று, அங்கே என்ன சொல்லி அழுகிறார் என்று கேளுங்கள்.

கொரிய மக்களிடையே "ஹ்வாப்யோங்" என்று ஒரு நோய்ப்பெயர் உண்டு. நெருப்பு நோய் என்பது அதன் பொருள். அநீதியைத் தாங்கிக்கொண்டு சினத்தை நெடுங்காலம் விழுங்கிய, பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள், மார்பில் வெப்பமும் நெஞ்சில் உருண்டையும் மூச்சுமுட்டலுமாக அதைச் சொல்வார்கள். அதைப் படித்தபோது அமுச்சிக்கு ஒரு தோழி கிடைத்தது போல இருந்தது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது. தலைவலியும் தூக்கமின்மையும் அதன் விளைவுகள் என்பார்கள். நம் வீடுகளில் "யோசனை பண்ணிப் பண்ணியே ஒடம்பக் கெடுத்துக்கிட்டா" என்று சொல்லப்படுவதும் அதுதான். சீனாவில் "நரம்புத் தளர்ச்சி" என்ற பெயரோடு மருத்துவமனைக்கு வந்த 100 பேரை 1980-இல் ஹுனானில் க்ளெய்ன்மேன் ஆராய்ந்தபோது, 87 பேருக்கு மனச்சோர்வு நோயின் இலக்கணங்கள் பொருந்தின. ஆயினும், மனநோய் என்ற பெயரைச் சுமக்க அஞ்சிய சமூகத்தில் நரம்பு என்ற பெயரே அவர்களுக்கு மானத்தோடு மருத்துவம் பார்க்க வழி செய்தது. பெயரைப் பிடுங்கிக்கொண்டு வேறு பெயரைத் திணிப்பதால் நோயாளி அடுத்த மருத்துவமனைக்குப் போவார், அவ்வளவுதான்.

"எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்ற கேள்விக்கும் இணையான மதிப்பு உண்டு. கம்போடியர்கள் "க்யால்" எனப்படும் காற்று உடலுக்குள் மேலேறிக் கழுத்து நாளங்களை வெடிக்கச் செய்யும் என்று அஞ்சுவார்கள். எழுந்து நிற்கும்போது சற்றுக் கிறுகிறுத்தாலே அந்த அச்சம் பற்றிக்கொண்டு, படபடப்பும் வியர்வையும் பெருகி, முழுப் பீதியாக முடியும். வாய்வு நெஞ்சை அடைத்து உயிரை எடுத்துவிடும் என்று நம்புபவருக்கும் ஏறக்குறைய இதே சங்கிலி ஓடுகிறது. பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. அது மேலும் பயத்தை ஏற்படுத்துகிறது. இதயம் நலமாக இருப்பதை மருத்துவர் உறுதி செய்த பிறகு, அடுத்த முறை அப்படி வரும்போது பக்கத்தில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடுவதை மட்டும் அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள்.

வெட்கத்தால் மறைக்கப்படும் இரண்டு முறையீடுகளைத் தனியே சொல்ல வேண்டும். வெள்ளைப்படுவதால் எலும்பே கரைந்துபோகிறது என்று அஞ்சி, முதுகு வலியோடும் சோர்வோடும் வரும் பெண்கள் நம்மிடையே பலர். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், இந்த முறையீடு தொற்றைவிட மனத்துயரோடும் வீட்டுத் துன்பங்களோடும் வலுவாகத் தொடர்புடையதாகத் தெரிந்தது. தொற்று உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். அதோடு, கணவர் அறைக்கு வெளியே இருக்கும்போது, வீட்டில் எப்படி இருக்கிறது என்றும் யாராவது கேட்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு விந்து வீணாகி உடம்பு தேய்கிறது என்ற அச்சம் இருக்கிறது. இதற்கு "தாது நோய்க்குறி" என்ற பெயரை 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் அறிமுகப்படுத்தினார். விந்து வெளியேறுவதால் உடல் தேய்வதில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் தேதி போட்டு, விடுதி அறைகளில் முகாமிடும் வைத்தியர்கள் இந்த அச்சத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். இருபது வயதுப் பையன் சம்பளம் முழுவதையும் லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தால் திட்டாமல், ஒரு நல்ல பொதுமருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஒரே மருத்துவர், ஒரே கோப்பு

மேலே சொன்ன 15 மைய ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. தொடர்ந்து பார்க்கும் தமக்கென ஒரு மருத்துவர் இல்லாத இடங்களில்தான், உடல் அறிகுறியை மட்டும் சொல்வது அதிகமாக இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் வயிற்று வலியைச் சொல்லலாம். மருமகனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆகவே மருத்துவமனை மாற்றுவதை நிறுத்தி, பக்கத்தில் உள்ள ஒரு பொதுமருத்துவரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ தேர்ந்துகொள்ளுங்கள். வலி கூடும்போதெல்லாம் ஓடாமல், கூடினாலும் குறைந்தாலும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று நாள் குறித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் மருத்துவரைப் பார்ப்பதற்கு வலி ஒரு நுழைவுச்சீட்டாக இருக்க வேண்டிய தேவை ஒழியும்.

மஞ்சப்பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்குங்கள். நாங்கள் அடுக்கியபோது ஒரே ஸ்கேன் மூன்று முறை எடுக்கப்பட்டிருந்தது. எடுத்த பரிசோதனை, நாள், முடிவு, அப்போது கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மேலே வைத்தால், பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிந்த மருத்துவரும் படித்துவிடுவார். புதிதாக ஒரு பரிசோதனை எழுதப்பட்டால், "இதில் என்ன வந்தால் மருத்துவம் மாறும்?" என்று பணிவோடு கேளுங்கள்.

ஊசி, குளுக்கோஸ், பொட்டல மாத்திரை

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 5 விழுக்காட்டு அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி. வாயால் குடிக்க முடிந்தவருக்குக் கருப்பட்டிக் காப்பியே அதைக் கொடுத்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இதைவிடக் கவலைக்குரியவை. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு அதிகமாகத் தலைவலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் தனி. பெயரில்லாத பொட்டலத்தில் தரப்படும் மாத்திரையையும் சூரணத்தையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மருத்துவர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்து ஒன்றை இரவுக்கு எழுதிக்கொடுத்தால், கைப்பேசியில் அதன் பெயரைத் தேடிவிட்டு "இது பைத்தியத்துக்கான மாத்திரை" என்று வீட்டில் கூச்சல் போடுவது வழக்கம். அந்த வகை மருந்துகள் நரம்பு வலிக்கும் நெடுநாள் தலைவலிக்கும் உலகெங்கும் பயன்படுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் தூக்கக் கலக்கமும் வாய் உலர்வும் இருக்கும். தூக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கிப் பழக்கமாக்கிக்கொள்வதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது.

வேற்று மொழிக்காரர் நோயுற்றால்

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல்லடம் கோழிப் பண்ணைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இந்தி பேசுபவர் "கப்ராஹட்" என்று நெஞ்சில் கை வைத்தால், அது பதற்றமும் படபடப்பும் கலந்த சொல்; நெஞ்சு வலி என்று அப்படியே பெயர்த்துச் சொன்னால் மருத்துவர் வேறு வழியில் போய்விடுவார், பதற்றம் என்று மட்டும் பெயர்த்தால் மாரடைப்பைத் தவறவிடலாம். "கம்ஜோரி" என்பது பலவீனம், "சக்கர்" என்பது தலைசுற்றல். மேற்பார்வையாளர் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர் மொழி அறிந்த ஒருவரை உடன் அனுப்புவதும், அந்தச் சொல்லை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுப்பதும்தான். பகல் இரவு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசக்கூடிய டெலிமானஸ் மனநலத் தொலைபேசி எண் 14416; தமிழிலும் இந்தியிலும் வேறு பல மொழிகளிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், வலிக்கு மருந்து தேடுவதை அடுத்து வைத்துக்கொண்டு, தனியே விடாமல் உடன் இருந்து உடனே அழைக்க வேண்டிய எண்ணும் இதுவே.

வலியோடு எழுந்து நடப்பது

"வலி எப்படி இருக்கு?" என்று காலையிலும் மாலையிலும் கேட்பதை விட்டுவிடுங்கள், அந்தக் கேள்வி கவனத்தை வலியிலேயே கட்டி வைக்கிறது. "இன்னிக்கு எங்க வரைக்கும் நடந்தீங்க?" என்று கேளுங்கள். நல்ல நாளில் காடு முழுவதும் களையெடுத்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதைவிட, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே தூரம் நடந்து, வாரத்துக்குச் சிறிது கூட்டுவது பலன் தரும். நோட்டில் வலிக்கு மதிப்பெண் போடாமல், செய்த வேலையை எழுதுங்கள். அமுச்சி முதலில் வாசல் வேம்பு வரை நடந்தார், பிறகு கட்டுத்தரை வரை, மூன்று மாதத்தில் மாட்டைப் பிடித்துக்கட்டிப் பால் கறந்தார். எரிச்சல் முழுவதும் போகவில்லை. "இருக்குதுங் கண்ணு, அது பாட்டுக்கு இருக்குது" என்பார்.

பிறகு ஒரு மார்கழியில், தலை எரிச்சலோடு வலது கை விரல்கள் மரத்துப்போவதாகப் புதிதாகச் சொன்னார். பழைய கதைதானே என்று எங்களுக்குத் தோன்றியது உண்மை. ஆனால் பழைய நோயாளிக்கும் புது நோய் வரும். ஆகவே புதிதாக ஒன்று தோன்றினாலும், பழையது தன் குணத்தை மாற்றிக்கொண்டாலும், நோட்டில் புதுப் பக்கம் எடுத்துத் தேதி எழுதி, எடை குறைந்ததா, இரத்தம் வந்ததா, ஒரு பக்கம் வலுவிழந்ததா என்று முதலிலிருந்து பார்த்துவிட்டு, குறித்த நாளுக்குக் காத்திராமல் அதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.